ஒரு தாளில் ஒரு கடன் கணக்கு

கேள்வி: அரசு வங்கியில் 21 வருட வேலை. இப்போது கிளை மேலாளர். வயது 46. எம்.பி.ஏ.வில் முதல் வகுப்பு. பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் கற்பிக்கவும், பின்னாளில் துறைத் தலைவராகவும் ஆசை. இந்த வயதில் முடியுமா? என் அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: முடியும் சகோதரி. நானும் 22 வருடம் வங்கியில் இருந்துவிட்டுத்தான் வகுப்பறைக்கு வந்தேன். ஆனால் ராஜினாமா கடிதத்தை இப்போதே எழுதிவிடாதீர்கள்.

முதலில் நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வை எழுதுங்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அதில் வயது வரம்பு கிடையாது. அந்த மதிப்பெண்ணை 2024 முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். வங்கியில் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதிநேரமாகச் சேரலாம். தலைமைப் பொறுப்பு வேண்டுமென்றால் பிஎச்.டி.யைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொழில் அனுபவசாலிகளைப் பேராசிரியராக எடுக்கும் 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற வழியையும் 2022ல் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) திறந்தது. துறையில் 15 வருட அனுபவம், அதுவும் உயர் பொறுப்பில் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை. ஆனால் 3 வருடம், நீட்டித்தால் 4, அவ்வளவுதான். அதை நம்பி வேலையை விடுவதை நான் சொல்ல மாட்டேன்.

சரி, அனுபவம். முதல் மாதம் ஒர்க்கிங் கேபிடல் (தொழிலை அன்றாடம் நடத்தத் தேவையான பணம்) பற்றி மூன்று வகுப்பு எடுத்தேன். மார்ஜின் (கடன் வாங்குபவர் தன் பங்காகப் போட வேண்டியது), டிராயிங் பவர் (சரக்கை வைத்து வங்கி எடுக்க விடும் தொகை) எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. முடிவில் ஒரு மாணவி, "சார், ஸ்டாக்குன்னா ஷேரா, கடையில இருக்கிற சரக்கா?" என்று கேட்டாள். மூன்று வகுப்பும் போய்ச் சேரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மறுவாரம் ஒரு விசைத்தறிக்காரர் கணக்கை, பெயரையும் தொகையையும் மாற்றி, ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். சரக்கு 40 லட்சம், நூல் வாங்கிய பாக்கி 10 லட்சம், மார்ஜின் 25 சதவீதம். எவ்வளவு எடுக்க விடுவீர்கள்? பாக்கியைக் கழித்து, மீதியில் மார்ஜினை விட்டு, ஐந்தே நிமிடத்தில் 22.5 லட்சம் என்றார்கள். "அந்தச் சரக்கில் பாதி ஒரு வருடமாக விற்காத சேலை" என்றேன். அந்தப் பாதியைக் கணக்கில் சேர்க்காமல், அதே மாணவி 7.5 லட்சம் என்று திருத்தினாள். "அப்படிக் குறைச்சா தறி நின்னுடும், கூலிக்கு எங்கே போவார்?" என்று இன்னொருவன் எழுந்தான். மணி அடித்த பிறகும் வாதம் ஓயவில்லை. உங்களிடம் இப்படி நூறு கணக்காவது இருக்கும். பாடப்புத்தகத்தில் கிடைக்காத அதுதான் உங்கள் மதிப்பு.

தலைமை பற்றி ஒன்று. வங்கியில் சர்க்குலர் வந்தால் வேலை நடக்கும். துறையில் நடக்காது. பாடத்திட்டத்தை மாற்ற நினைத்து நான் கடிதம் அனுப்பினேன், யாரும் அசையவில்லை. ஒவ்வொருவர் அறைக்கும் போய் உட்கார்ந்து பேசிய பிறகுதான் நகர்ந்தது.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறைதானே? வங்கியில் அனுமதி வாங்கி, பக்கத்துக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக ஒரு பாடவேளை கேளுங்கள். போகும்போது அப்படி ஒரு தாள் கொண்டுபோங்கள். இரண்டு செமஸ்டர் நின்று பார்த்துவிட்டு விருப்ப ஓய்வைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.