அக்குள் முடிச்சை எடுத்த பிறகும் ரேடியேஷன் எதுக்கு?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்லயே அக்குள் நிணநீர் முடிச்சையும் எடுத்தாச்சு, அப்புறம் ஏன் அங்க கரண்ட் (ரேடியேஷன்) வைக்கணும்னு கேட்டிருக்கீங்க. அக்குளோட நிக்காதுங்க, காறை எலும்புக்கு மேல இருக்கிற குழி, நெஞ்செலும்பு ஓரமா உள்பக்கம், அங்கயும் முடிச்சு இருக்கு, அதையெல்லாம் சர்ஜன் பொதுவா தொட மாட்டார், ஸ்கேன்ல தெரியாத புற்றுநோய் செல் எதாவது அங்க பதுங்கியிருந்தா அதுக்குத்தான் இது.

ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற பயாப்ஸி ரிப்போர்ட்ல 4 முடிச்சு, இல்ல அதுக்கு மேல பாசிட்டிவ்னா, அதாவது புற்றுநோய் செல் இருந்தா, பெரும்பாலும் கண்டிப்பா வைப்பாங்க. 1-3னாதான் இழுபறி, வயசு, கட்டி சைஸ், கிரேடு (செல் எவ்வளவு மாறியிருக்குங்கிற அளவு) எல்லாம் பார்த்து முடிவு பண்ணுவாங்க. 2015ல வெளியான எம்ஏ.20ங்கிற ஆய்வுல, மார்பகத்தோட இந்த முடிச்சு இடங்களுக்கும் கரண்ட் வச்சவங்களுக்கு நோய் திரும்பி வர்றது குறைஞ்சுது, ஆனா 10 வருஷக் கணக்குல உயிர் பிழைச்சவங்க எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் இல்ல, இதை டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க.

கை வீக்கம்தான் உண்மையான தொல்லை. அக்குள் முடிச்சை முழுசா எடுத்துட்டு கரண்டும் வச்சா சான்ஸ் கூடும். இடது பக்கம்னா மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுவாங்க, அப்போ இதயம் கதிர் படுற இடத்துலேர்ந்து கொஞ்சம் தள்ளிப் போகும், வீட்லயே பழகிட்டுப் போகச் சொல்லுங்க.