சாலை அகலப்படுத்த எட்டு அடி கேட்கிறார்கள். "நிதி வந்ததும் பணம்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மாநகராட்சி எல்லைக்குள், நெரிசலான கடைவீதியில் எங்களுக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. கீழே இரண்டு கடைகள், மேலே வீடு. அப்பா சம்பாதித்து வாங்கியது. அவர் காலமாகிவிட்டார். நான், தம்பி, தங்கை என வாரிசுகள் மூவர். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. சாலையை அகலப்படுத்த முன்பக்கம் எட்டு அடி வேண்டும் என்று அளந்து சிவப்புக் குறி போட்டுவிட்டார்கள். மேம்பாலத்துக்கும் புது சிக்னல்களுக்கும் கேமராக்களுக்கும் நிதி வந்துவிட்டதாம். நிலத்துக்கு மட்டும் வரவில்லையாம். "இப்போது சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள், நிதி வந்ததும் பணம் தருகிறோம்" என்கிறார்கள். எதிர்வரிசையில் செல்வாக்குள்ள ஒருவரின் வணிக வளாகத்தைத் தொடாமல் எல்லாவற்றையும் எங்கள் பக்கமே எடுக்கிறார்கள். ஒருவழிப் பாதையாக்கினாலே நெரிசல் தீர்ந்துவிடும் என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிறார். தடையுத்தரவு வாங்கி இதை நிறுத்த முடியுமா? அவர்கள் கொடுத்த கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: இதில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த எட்டு அடி, உங்கள் பத்திரப்படியும் அரசின் அளவைப் பதிவேட்டின்படியும் உங்களுடையதா? உங்களுடையது என்றால், சட்டப்படி எடுத்து, உரிய பணம் கொடுத்துத்தான் அதில் சாலை போட முடியும். புறம்போக்கு என்றால், எத்தனை வருடம் கடை நடத்தியிருந்தாலும் நிலத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

எதிர்வரிசை வளாகத்தை விட்டுவிடுங்கள். சாலை எந்தப் பக்கம் விரிய வேண்டும் என்று பொறியாளர்கள் எடுத்த முடிவை நீதிமன்றம் பொதுவாக மாற்றாது. உள்நோக்கம் என்று சொல்வதானால் யார், எப்போது, எந்தக் கோப்பில் செய்தார் என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். கடைவீதிப் பேச்சு போதாது. ஒருவழிப் பாதை யோசனை நல்லதாகவே இருக்கலாம். ஆட்சேபணை மனுவில் ஒரு பத்தி எழுதுங்கள், அதை நம்பி வழக்குப் போடாதீர்கள். அம்மாவின் வேதனை புரிகிறது. அவருக்கு இப்போது செய்யக்கூடிய நல்லது, வரவேண்டிய பணம் கைநழுவாமல் பார்ப்பதுதான்.

தடையுத்தரவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். உரிமையியல் நீதிமன்றத்தில் சாதாரணத் தடை வழக்குப் போட்டால், குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தில் (Specific Relief Act) 2018 திருத்தம் சேர்த்த 41(எச்ஏ) பிரிவை எதிர்த்தரப்பு முதல் நாளே எடுத்து வைக்கும். உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் தடையுத்தரவைக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. சாலையும் பாலமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. முறைப்படி கையகப்படுத்தாமல் இடிக்க வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசின் செயலை எதிர்த்துப் போடும் மனு) செல்லும், இடிப்பும் நிற்கும். ஆனால் அது "சட்டப்படி எடு" என்று சொல்ல வைக்கும் வழக்கு. திட்டத்தையே நிறுத்தும் வழக்கு இல்லை.

இனி அந்த "நிதி வரவில்லை" கதை. அது அவர்களுடைய உள்விவகாரம். அரசியலமைப்பின் 300ஏ பிரிவின்படி, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது. கஜானாவில் பணம் இல்லை என்பது அதற்கு விதிவிலக்கு ஆகாது. கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்துச் சொன்னது: நோட்டீஸ், ஆட்சேபணை கேட்பது, காரணத்தோடு கூடிய முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு என்று அடுக்கி, இவை எல்லாம் சொத்துரிமைக்குள்ளேயே அடங்கியவை என்றது. வெறுமனே ஒரு எடுக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது அதே ஆண்டு நவம்பர் 6 அன்று வந்த தீர்ப்பு. உத்தரப் பிரதேசத்தின் மகராஜ்கஞ்சில் சாலை விரிவாக்கம் என்று ஒருவரின் வீட்டை 2019-ல் இடித்தார்கள். ஆக்கிரமிப்பு என்று அரசுத் தரப்பே காட்டியது 3.70 மீட்டர்தான், இடித்ததோ 5 முதல் 8 மீட்டர் வரை. 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய வரிசையையும் வகுத்தது. முதலில் பதிவேட்டின்படி இப்போதைய சாலையின் அகலம் என்ன என்று பார்க்க வேண்டும். பிறகு அளந்து, ஆக்கிரமிப்பு இருந்தால் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணையைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். இருக்கிற அகலம் போதாது என்றால், வேலை தொடங்கும் முன் நிலத்தைச் சட்டப்படி கையகப்படுத்த வேண்டும். உங்கள் பதில் மனுவில் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இவ்வளவு பாதுகாப்பும் உங்கள் கையெழுத்து இல்லாதவரைக்கும்தான். வழக்கறிஞராக, என் கட்சிக்காரர்கள் விழுந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்த குழி இது.

நீங்கள் அனுப்பிய நகலில் மூன்றாவது பத்தியைப் படித்தீர்களா? "பொதுநலன் கருதி, எவ்வித நிர்ப்பந்தமுமின்றி, இழப்பீடு எதுவும் கோராமல் மேற்படி இடத்தை ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்று அச்சடித்திருக்கிறது. நிதி வந்ததும் பணம் என்று வாயால் சொன்னது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. தொகை இல்லை, தேதி இல்லை, எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கிறார்கள் என்றும் இல்லை. இன்று பேசுகிற அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். மாற்றலாகிப் போனதும் அடுத்து வருபவர் கோப்பைத் திறந்தால் அவர் கண்ணில் படுவது உங்கள் கையெழுத்து மட்டும்தான். அதன் பிறகு நீங்கள் ஏமாற்றப்பட்டதாக நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

இந்தக் கடிதம் ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு திட்டத்துக்கு நிர்வாக ஒப்புதல் கொடுக்கும்போது கட்டுமானத்துக்கு ஒரு தொகை, மின்கம்பம், குழாய்களை மாற்ற ஒரு தொகை, நிலத்துக்கு ஒரு தொகை என்று மதிப்பீடு போடுவார்கள். நிலத்துக்குப் போதிய தொகை வைக்காமல் வேலைக்கு டெண்டர் விட்டுவிட்டால், ஒப்பந்ததாரர் இடத்தைக் கேட்டு நெருக்குவார். அந்த நெருக்கடி கடைசியில் வந்து நிற்கும் இடம் உங்கள் வாசல். அந்த ஒப்புதல் அரசாணையின் நகலையும், அதில் நில எடுப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தொகை இருக்கிறது என்றால் பேச்சு வேறு மாதிரி போகும். இல்லை என்றால், இலவசமாகக் கிடைக்கும் என்ற கணக்கில்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதவர்களே எவ்வளவு காலம் அலைந்திருக்கிறார்கள் பாருங்கள். இமாச்சலப் பிரதேசத்தில் வித்யா தேவி என்பவரின் நிலத்தை 1967-68-ல் சாலைக்கு எடுத்தார்கள். கையகப்படுத்தவும் இல்லை, பணமும் இல்லை. உச்ச நீதிமன்றம் அவருக்கு நியாயம் வழங்கியது 2020-ல். அப்போது அவருக்கு வயது எண்பது. அதே மாநிலத்தில் 1972-73-ல் சாலைக்குப் போன இன்னொரு நிலத்துக்கு 2022-ல் தீர்ப்பு வந்தது. "வாய்மொழியாகச் சம்மதித்தார்கள்" என்று அரசு சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் விஷயத்தில் வாய்மொழி என்று சொல்ல வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்காது, எழுதியே வாங்கிவிடுவார்கள்.

அடுத்த ஆபத்து, உங்கள் எட்டு அடி முழுவதும் உங்களுடையது என்ற நம்பிக்கை. கோபத்தில் "வந்து அளக்கட்டும்" என்று மனுப் போட்டு, அளந்தபோது முன்பக்கத்தில் மூன்று அடி அரசுப் பதிவேட்டில் சாலையாக இருப்பது தெரியவந்து, கேட்க வந்த இழப்பீட்டோடு ஆக்கிரமிப்பு நோட்டீஸையும் வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. பத்திரத்தில் உள்ள அளவும் டவுன் சர்வே பதிவேட்டில் உள்ள அளவும் பழைய தெருக்களில் பல நேரம் ஒத்துப்போகாது. ஆகவே முதலில் பதிவேட்டு நகலையும் புல வரைபடத்தையும் நீங்களே வாங்கி, உரிமம் பெற்ற தனியார் சர்வேயரை வைத்து ஓசைப்படாமல் அளந்துவிடுங்கள். வில்லங்கச் சான்றையும் பின்னோக்கி முழுதாகப் பாருங்கள். அப்பா கட்டட அனுமதி வாங்கியபோது முன்பகுதியைச் சாலைக்கென்று தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த நிலம் அன்றைக்கே போய்விட்டது. வாடிக்கையாக நடக்கிற விஷயம் இது. குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

வாரிசு விஷயத்தில் நீங்கள் ஒரு தப்பான கணக்கில் இருக்கிறீர்கள். மூவர் என்கிறீர்கள். அப்பா உயில் எழுதாமல் காலமானார், இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்றால், அம்மாவுக்கும் உங்களுக்குச் சமமான பங்கு உண்டு. நால்வர். தங்கைக்குத் திருமணமாகிவிட்டது என்பதும் ஒரு பொருட்டல்ல. பட்டா அப்பா பெயரில் இருக்கும்போது இழப்பீடு தீர்மானமானால், யாருக்குக் கொடுப்பது என்ற தகராறு வந்து பணம் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துவிடும். அங்கிருந்து எடுக்க இன்னொரு வழக்கு. பட்டா மாற்றத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள். வங்கியில் பத்திரம் அடமானத்தில் இருந்தால் அவர்களுக்கும் கடிதம் கொடுங்கள். கடைகளில் வாடகைக்கு இருப்பவர்களும் தங்களுக்குத் தனியாகக் கேட்பார்கள். அவர்களை இப்போதே உட்கார வைத்துப் பேசிவிடுவது நல்லது.

சரி, கடைசியில் என்ன செய்ய வேண்டும்? சமரசம். நிலம் உங்களுடையது என்று உறுதியானால், எட்டு அடிக்காகப் பத்து வருடம் நீதிமன்றம் ஏற வேண்டாம். பொதுத் தேவைக்கு அரசு நிலத்தை எடுக்கத்தான் போகிறது. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். அதில், நிலத்தை எடுப்பதற்கு முன் வரும் 15(2) நோட்டீஸ் கட்டத்தில் ஆட்சேபிப்பதுதான் ஆட்சேபணை. 15(1) அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலேயே நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும், அதன் பின் பணத்தைப் பற்றி மட்டுமே பேசலாம். மாநகராட்சிச் சாலை என்றால் 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டம், அங்கே தொகைத் தகராறு மத்தியஸ்தரிடம் போகும். எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்துக் கெடுவும் மாறும் என்பதால் நோட்டீஸின் முதல் வரியை நன்றாகப் படியுங்கள்.

தொகைக் கணக்குக்கு 2013 சட்டத்தின் முதல் அட்டவணையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தையில் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த விலையை) மட்டும் காட்டுவார்கள். சட்டம் சொல்வது, வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் நடந்த கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் பார்த்து, அதிகமானதை எடுக்க வேண்டும் என்று. உதாரணத்துக்கு உங்கள் முகப்பு 25 அடி என்று வைத்தால் 200 சதுர அடி. சதுர அடி 5,000 ரூபாய் என்று தீர்மானமானால் நிலத்துக்கு 10 லட்சம். இடிபடும் கட்டடப் பகுதிக்கு 6 லட்சம் என்றால் 16 லட்சம். அதன் மேல், கட்டாயமாக எடுப்பதற்காகக் கொடுக்கும் ஆறுதல் தொகை நூறு சதவீதம், ஆக 32 லட்சம். நிலத்தின் சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் தனி. நில மதிப்பை எத்தனையால் பெருக்குவது என்ற எண் நகர்ப்புறத்தில் 1 என்பதால் கிராமத்தில் கொடுக்கிற மாதிரி கூடுதல் மடங்கு கேட்காதீர்கள், கிடைக்காது. அவர்கள் சொல்லும் தொகை இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதே என் வெளிப்படையான யோசனை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நேரடிப் பேச்சுவார்த்தையில் விலைக்குச் சம்மதித்துக் கிரயம் எழுதிக் கொடுத்தால், பிறகு கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போக முடியாது. பேச்சு முடியாமல் அவர்களாகத் தீர்மானித்த தொகையை வாங்குகிறீர்கள் என்றால், ரசீதில் "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதை எழுத மறந்ததாலேயே கூடுதல் தொகை கேட்கும் வாய்ப்பை இழந்தவர்கள் நிறையப் பேர்.

பணத்துக்குப் பதில் கூடுதல் தளப்பரப்பு உரிமை (அனுமதித்த அளவுக்கு மேல் கட்டிக்கொள்ளும் உரிமை) தருகிறோம் என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு. அந்த உரிமையை வேறு மனையில் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். உங்களிடம் வேறு மனை இல்லை என்றால், வாங்க ஆள் இருக்கிறாரா, என்ன விலைக்கு வாங்குவார் என்று தெரிந்த பிறகே தலையாட்டுங்கள்.

பேச்சுவார்த்தையில் தொகையோடு சேர்த்து முன்பக்கச் சுவரை மறுபடி எழுப்ப அனுமதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எட்டு அடி போன பிறகு மிஞ்சுகிற ஆழத்தில் புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காமல், ஷட்டர் கூட மாட்ட முடியாமல் கடையை மூடியவர்கள் இருக்கிறார்கள். மின் இணைப்பை மாற்றும் செலவு, சொத்து வரியைக் குறைப்பது, பட்டாவில் உட்பிரிவு செய்து மீதி நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவது, இவையும் அதே தாளில் வர வேண்டும்.

இப்போதைக்கு அந்தச் சம்மதக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்: நிலம் தர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, எந்தச் சட்டப் பிரிவு, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று தெரிவித்தால் பேசத் தயார். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நால்வரும் கையெழுத்திட்டு. அதற்கு முன் இன்று மாலையே தம்பியிடம் பேசிவிடுங்கள். ஒருவர் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டால், சட்டப்படி அது மற்ற மூவரின் பங்கைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தத் தாளைக் காட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால், நீங்கள் நீதிமன்றம் போய்ச் சேர்வதற்குள் முன்சுவர் இருக்காது.