அம்மம்மாவின் கரண்டிகள் வெள்ளியா?

கிளிநொச்சியில் அம்மம்மாவின் பெட்டகத்தில் கிடந்த கரண்டிகளின் பின்பக்கம் ‘ஈ.பி.என்.எஸ். ஏ1’ என்றிருக்கிறது, வெள்ளியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, வெள்ளி முலாம்தான். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றால் மின்முலாம், அதாவது மின்சாரத்தால் முலாம், பூசிய நிக்கல் சில்வர். உள்ளே நிக்கல் சில்வர். பெயரில்தான் சில்வர், மற்றபடி செம்பும் நிக்கலும் நாகமும் (துத்தநாகம்). ‘ஏ1’ முலாமின் தரத்தைச் சொல்வது, ஆண்டை அல்ல. இங்கிலாந்தின் எல்கிங்டன் நிறுவனத்தார் மின்முலாமுக்குக் காப்புரிமை எடுத்ததே 1840இல். அதற்கு முந்தியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செய்தவரை அறிய, பக்கத்திலுள்ள சின்னத்தைப் பாருங்கள். சிறு கொடிக்குள் ‘டபிள்யூ அண்ட் எச்’ என்றால் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து வோக்கர் அண்ட் ஹோல் நிறுவனம். தேய்ந்துபோயிருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசுங்கள், ஓரளவு தெரியும். அப்புறம், சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். எங்கள் வீட்டுக் கரண்டியில் முலாமும் போய், முத்திரையும் பாதி போய்விட்டது.