கடைச் சரக்கை ரயிலில் ஏற்றும் வேலை: கேள்வி பதில்

கேள்வி: லாஜிஸ்டிக்ஸ் படித்து முடித்திருக்கிறேன். கடைகளுக்கான சரக்கை ரயிலில் அனுப்பும் துறையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

எந்தச் சரக்கு ரயிலில் போகலாம், எது லாரியில்தான் போக வேண்டும் என்று வணிக நிறுவனத்தில் இருந்து திட்டமிடுவது ஒன்று. டெர்மினலில் ரயிலுக்கும் லாரிக்கும் நடுவே கண்டெய்னர்களை மாற்றிவிடுவது இன்னொன்று. மூன்றாவது கார்பன் கணக்கு. போக்குவரத்தின் கார்பனை எப்படிக் கணக்கிடுவது என்று 2023-இல் ஐ.எஸ்.ஓ. 14083 என்ற தரம் வந்தது. அதை ஊன்றிப் படித்தவர்கள் இன்னும் குறைவு.

என்னைக் கேட்டால் டெர்மினலில் ஆரம்பியுங்கள். இரவு 10 மணி ரயிலுக்குக் கண்டெய்னர் 10 மணிக்கு வந்தால் போதாது, அதற்கு வெகு முன்பே கட்-ஆஃப் நேரம், அதாவது பெட்டியை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரம், முடிந்துவிடும். ஐந்து நிமிடம் பிந்திய பெட்டி யார்டில் நிற்க, ரயில் அதன் கண்ணெதிரே நகர்ந்து போவதை ஒருமுறை நின்று பாருங்கள். லாரி கொஞ்சம் காத்திருக்கும், ரயில் காத்திருக்காது. இது மனதில் பதிந்தவர் போடும் திட்டமே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: எந்தச் சான்றிதழ் படிப்பு நல்லது?

முதல் வேலைக்கு எதுவும் கட்டாயமில்லை. எக்ஸெல் நன்றாக வரட்டும்.

கேள்வி: ரயில் பசுமை என்பதெல்லாம் விளம்பரம். கிடங்கிலிருந்து டெர்மினலுக்கும் லாரி, அங்கிருந்து கடைக்கும் லாரி. அப்புறம் என்ன மிச்சம்?

நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்ப்போம். ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமை 2018-ஆம் ஆண்டுக்குத் தந்த சராசரிப்படி, ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ரயிலுக்கு 24 கிராம், கனரக லாரிக்கு 137 கிராம் கார்பன். 15 டன் சரக்கு 750 கிலோமீட்டர் நேராக லாரியில் போனால் சுமார் 1,541 கிலோ. அதையே 800 கிலோமீட்டர் ரயிலிலும், இரு முனையிலும் 60 கிலோமீட்டர் லாரியிலும் அனுப்புங்கள். ரயிலுக்கு 288 கிலோ, லாரிக்கு 247 கிலோ, மொத்தம் 535. மூன்றில் ஒரு பங்குதான் ஆகிறது. ஆனால் அந்த 120 கிலோமீட்டர் லாரி, 800 கிலோமீட்டர் ரயிலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்து நிற்பதைப் பாருங்கள். அதனால்தான் இரு முனை லாரியையும் சேர்க்காத எந்த எண்ணையும் நம்பாதீர்கள் என்று ஓயாமல் சொல்கிறேன்.

கேள்வி: மேலே கேட்டவன்தான். திரும்பி வரும் வெறும் கண்டெய்னர்? டீசல் இன்ஜின்? 300 கிலோமீட்டர் தூரத்துக்கும் இதே கதையா?

வெறும் பெட்டி திரும்புவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் அந்த ஐ.எஸ்.ஓ. தரமும் சொல்கிறது. டீசல் இன்ஜின் இழுத்தாலும் ரயிலுக்கு ஒரு அனுகூலம் உண்டு: இரும்புத் தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவு. 300 கிலோமீட்டர் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதே இரு முனைகளோடு 355 கிலோ, நேர் லாரிக்கு 617. கார்பனில் ரயில் ஜெயிக்கிறது, நேரத்திலும் செலவிலும் பெரும்பாலும் தோற்கிறது. பெட்டியை இரண்டு முறை தூக்கி இறக்கும் கூலி தூரம் குறைந்தால் குறையாதே. முனைகளில் லாரி 100 கிலோமீட்டர் வீதம் ஆகிவிட்டால் 355 என்பது 519 கிலோவாக ஏறி, கார்பன் லாபமும் சுருங்கிவிடும். எனவே கிடங்கு எங்கே அமைகிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் கிடங்குக்கு இடம் தேடும் கூட்டத்தில் உட்கார இடம் கேட்க வேண்டும்.

கேள்வி: லாரி அளவுக்குக் கண்டெய்னரில் சரக்கு பிடிக்காதே?

அகலம் கூட்டிய 45 அடி கண்டெய்னரில் 33 யூரோ பாலட் (சரக்கை அடுக்கும் மரத் தட்டு) பிடிக்கும். 13.6 மீட்டர் டிரெய்லரிலும் அதே 33.

கேள்வி: ரயிலில் வந்தால் அட்டைப்பெட்டிகள் நசுங்குகின்றன. ஏன்?

வேகன்கள் இழுபடும்போதும் இடிபடும்போதும் நீளவாக்கில் ஒரு தள்ளு விழும். பாலட்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தால் போய்ச் சேரும்போது அது ஒரு சாண் ஆகியிருக்கும். கதவைத் திறந்ததும் ஷாம்பு பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, அடியில் இருப்பதன் மூலை பிதுங்கி நிற்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இடைவெளியில் காற்றுப்பை வையுங்கள், கதவுப் பக்கம் பட்டி கட்டுங்கள். திறக்கும்போது ஒரு கதவை மட்டும் மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே சாய்ந்திருந்தால் ஆள்மேல் விழும்.

கேள்வி: எந்தச் சான்றிதழ் படித்தால் உடனே வேலை கிடைக்கும்?

மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ரயில் ஓட்டுநர் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

அது என் துறை இல்லை. ஓட்டுநராக இருப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனம் 80 சதவீதம் கார்பன் குறைந்ததாகச் சொல்கிறது. நம்பலாமா?

இரு முனை லாரியைச் சேர்த்தார்களா? முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

நான் கேட்பதைச் சொல்கிறேன். ரயில் ரத்தாகிவிட்டது. டெர்மினலில் 40 கண்டெய்னர், கையில் 12 லாரி. எந்தப் பன்னிரண்டை முதலில் அனுப்புவீர்கள்? பலர் உடனே ஒரு பட்டியல் சொல்வார்கள். "ஒவ்வொரு கடையிலும் எத்தனை நாளைக்குச் சரக்கு இருக்கிறது?" என்று என்னைத் திருப்பிக் கேட்பவரைத்தான் எடுப்பேன்.