நீண்ட மெத்தட்டுகளை எங்கே வெட்டுவது? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (களுவாஞ்சிக்குடி): சேர், ஒரு மெத்தட் அதிகபட்சம் எத்தனை வரிகள் இருக்கலாம்?

பதில்: மெத்தட் என்பது ஒரு வேலைக்காகப் பெயரிட்டு ஒதுக்கிய கோட் பகுதி. திரையை உருட்டாமல் அதன் முழுவதையும் பார்க்க முடிந்தால் போதும், இருபது, முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் வரிகளைவிடக் கிளைகளை, அதாவது இஃப் போன்று வழி பிரியும் இடங்களை, எண்ணுவதே பயன் தரும். தோமஸ் மெக்கேப் 1976இல் முன்வைத்த, இக்கிளைகளைக் கொண்டு சிக்கலை அளக்கும் சைக்ளோமேட்டிக் அளவில் 10 என்பது நியாயமான உச்ச வரம்பு. நேராக ஓடும் நாற்பது வரிகளைவிட, நான்கு அடுக்கு இஃப் கொண்ட பதினைந்து வரிகளே வாசிப்பவரைத் தடுமாற வைக்கும்.

கேள்வி (ஏறாவூர்): பல சிறிய மெத்தட்டுகளாகப் பிரித்தால் ஜாவா செய்நிரலின் வேகம் குறையுமா?

பதில்: பெரும்பாலும் குறையாது. அடிக்கடி அழைக்கப்படும் சிறிய மெத்தட்டை, ஜாவா செய்நிரலை ஓட்டும் ஹொட்ஸ்பொட் ஜேவிஎம், அழைத்த இடத்திலேயே விரித்துவிடும். பைட்கோட் (ஜேவிஎம் வாசிக்கும் இடைநிலைக் கோட்) 8,000 பைட்டைத் தாண்டிய மெத்தட்டையோ, அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, ஓடும்போதே அதை இயந்திர மொழிக்கு மாற்றி வேகப்படுத்தும் ஜிட் தொகுப்பி தொடுவதே இல்லை.

கேள்வி (சம்மாந்துறை): எங்கள் அரிசி ஆலையின் நெல் கொள்வனவுச் செய்நிரலில் 400 வரி மெத்தட் ஒன்று இருந்தது. அதை ஐம்பது ஐம்பது வரிகளாக, பிராசஸ்1 முதல் பிராசஸ்8 வரை பிரித்தேன். முன்னரைவிடக் குழப்பமாக இருப்பதாகச் சக ஊழியர் கூறுகிறார். கோட்டை இணைத்துள்ளேன்.

பதில்: அவர் கூறுவதே சரி. இலக்கமிட்ட இத்தகைய பெயர்களைக் காணும்போதெல்லாம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. பிராசஸ்4 என்ன செய்கிறது என்பதை அறிய அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால், பிரித்ததனால் வந்த நன்மை என்ன? நீங்கள் அனுப்பிய கோட்டில் ஈரப்பதக் கழிவின் முதற்பாதி பிராசஸ்3 இலும் மறுபாதி பிராசஸ்4 இலும் கிடக்கின்றன. இடையில் அறுபட்ட கணக்கை ஒட்டுவதற்காக ஒன்பது மாறிகளைப் பராமீட்டர்களாக (மெத்தட்டுக்குள் அனுப்பும் மதிப்புகளாக) கடத்தியிருக்கிறீர்கள்.

வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுவது பெயர்தான். ஈரப்பதமும் மொத்த எடையும் உள்ளே போகின்றன, 14 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரத்துக்கான கழிவு வெளியே வருகிறது: இதற்குக் ‘கல்குலேட் மொய்ஸ்சர் டிடக்ஷன்’ என்று தயக்கமின்றிப் பெயரிடலாம். நாடு, சம்பா, கீரிச் சம்பா என்று இனவாரியாக விலையைத் தேர்வது இன்னொரு மெத்தட். தரவுத்தளத்தில் எழுதும் பகுதியைக் ‘கல்குலேட்’ என்று தொடங்கும் எதற்குள்ளும் ஒளித்துவைக்க வேண்டாம். ‘சேவ்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெயரின் நடுவே ‘அண்ட்’ வந்தால் அங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. பொருத்தமான பெயர் கிடைக்காத துண்டை, கிடைக்கும்வரை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். எட்டையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டு, இம்முறை பெயரைப் பிடித்துக்கொண்டு பிரியுங்கள்.

அதற்கு முன் டெஸ்ட் எழுதுங்கள். பழைய பற்றுச்சீட்டுகள் இருபதை எடுத்து, அதே எடைக்கும் ஈரப்பதத்துக்கும் அதே தொகை சதம் பிசகாமல் வருகிறதா என்று ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் ஓட்டிப் பாருங்கள். 13.9, 14, 14.1 மூன்றும் அவற்றில் கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி (கல்முனை): எனது மெத்தட் வேலை செய்யவில்லை. பிரித்துத் தரவும்.

பதில்: எந்த மொழி, என்ன பிழைச் செய்தி என்று எதுவுமில்லை, கோட்டும் இல்லை. வெளி நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பைச் சீராக்குவதே ரீஃபாக்டரிங் என்பதால், முதலில் அதை வேலை செய்ய வையுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): பிரிக்கும்போது கண்ணிற்படும் பிழையை அதே கொமிட்டில் (ஒன்றாகப் பதிவுசெய்யும் மாற்றத் தொகுப்பில்) திருத்தலாமா?

பதில்: கூடாது. குறித்துவைத்து, அடுத்த கொமிட்டில் திருத்துங்கள். டெஸ்ட் முதலில் என்பதை இங்கும் மறக்க வேண்டாம்.

கேள்வி (வந்தாறுமூலை): இந்த வேலையை ஐடிஇ (கோட் எழுத உதவும் மென்பொருள்) தானாகச் செய்யாதா?

பதில்: செய்யும். வரிகளைத் தெரிவுசெய்து இன்டெலிஜேயில் கன்ட்ரோல், ஆல்ட், எம் ஆகியவற்றையும், எக்லிப்ஸில் ஆல்ட், ஷிஃப்ட், எம் ஆகியவற்றையும் சேர்த்து அழுத்துங்கள். நீங்கள் தெரிவுசெய்த பகுதி, பின்னர் தேவைப்படும் இரண்டு மாறிகளை மாற்றுமாயின் எக்லிப்ஸ் மறுத்துவிடும். வெட்டும் இடம் பிழை என்பதற்கு அதுவே பெரும்பாலும் அறிகுறி. ஐடிஇ முன்மொழியும் பெயரை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.