வாசகர் கேள்வி–பதில்: சுரங்கத் தண்ணீர், கழிவுக் கல், பாதை

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தங்கச் சுரங்கங்கள் உள்ள ரவுப் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் மகன் உரிமம் பெற்ற ஒரு சிறிய சுரங்கத்தில் பம்பு பார்க்கிறான். சரிவுப் பாதை 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அடியில் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் ஒரு குழி. அதற்குள் நீர்மூழ்கிப் பம்பு. மோட்டார் அடிக்கடி எரிந்துவிடுகிறதே, ஏன்?
– தோட்ட வாசகர், ரவுப்

பதில்: முதலில் ஊற்றை அளக்கச் சொல்லுங்கள். குழியை வற்றவைத்துப் பம்பை நிறுத்தி, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் போதும். அந்தக் குழி 1,000 லிட்டர் கொள்ளும். எட்டு நிமிடத்தில் நிரம்பினால் வரத்து வினாடிக்கு ஏறக்குறைய 2 லிட்டர். அப்படியானால் மின்சாரம் போன எட்டாவது நிமிடமே தண்ணீர் ஆள் நிற்கும் தரைக்கு வந்துவிடும். மோட்டாரைவிட இதுதான் எங்களுக்குக் கவலை.

மோட்டார் எரிவதற்குப் பெரும்பாலும் சேறுதான் காரணம். துளை போடும்போது வரும் கல்மாவு குழியின் அடியில் படிகிறது. பம்பு அதன்மேலேயே உட்கார்ந்து உறிஞ்சுவதால் சுழலி தேய்கிறது, சீல் கசிகிறது, மோட்டாருக்குள் நீர் இறங்குகிறது. அடுத்து, நீர்மட்டம் இறங்கினால் பம்பை நிறுத்தும் மிதவை ஸ்விட்ச் சேற்றில் சிக்கிக்கொண்டால் குழி வற்றிய பிறகும் பம்பு ஓடும். இந்த வகை மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி தருகிறது. அது இல்லாவிட்டால் சுருள் வெந்துவிடும். மோட்டாருக்கு மின்சாரம் தரும் மூன்று ஃபேஸ் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இதே கதி. அப்படி அறுந்தால் உடனே மோட்டாரை நிறுத்தும் ரிலே இல்லாமல் பம்பை இறக்கவே கூடாது.

இதற்குத் தீர்வு, குழியை இரண்டாகப் பிரிப்பது. முதல் தொட்டி 4 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். நீர் அதில் மெல்ல நகரும்போது நுண்மணல் படிந்துவிடும். தெளிந்த நீர் ஒரு தடுப்பைத் தாண்டி இரண்டாம் தொட்டிக்கு வழிய வேண்டும். பம்பு அங்கே, தொட்டியின் அடித்தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். 8 மணி நேர மின்தடையைத் தாங்க இரண்டாம் தொட்டி 60 கனமீட்டர் கொள்ள வேண்டும். பாதையின் பக்கவாட்டில் குடைந்தால் இடம் கிடைக்கும். முதல் தொட்டியில் பாதி உயரத்துக்குச் சேறு ஏறுவதற்குள் அள்ளிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும்.

வரத்துக்குச் சரிசமமாக மட்டும் இறைக்கும் பம்பு வாங்கினால் அதற்கு ஓய்வே இராது. வினாடிக்கு 4 லிட்டர் இறைக்கும் பம்பும், உராய்வு குறைய 3 அங்குலக் குழாயும் போடுங்கள். 40 மீட்டர் ஏற்றத்துக்கு 5.5 கிலோவாட் மோட்டார் தாராளமாகப் போதும். நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு ஒன்றும், இணைத்துத் தயாராக வைத்த மாற்றுப் பம்பு ஒன்றும் அவசியம்.

இன்னொன்று. மழைநீர் பெரும்பாலும் சுரங்க வாயிலும் அதையடுத்த இளகிய பாறையிலும்தான் நுழைகிறது. அதை அடிவரை ஓடவிட்டு 40 மீட்டர் மேலே இறைப்பது வீண் செலவு. வாய்க்கு மேலே மலைச்சரிவில் வளைவாக ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். வாசலில் தரையைச் சற்று உயர்த்துங்கள். உள்ளே கசிவதை 10, 15 மீட்டர் ஆழத்திலேயே ஒரு சிறு தொட்டியில் பிடித்து வெளியேற்றுங்கள். இறைத்த நீரை வாய்க்கு மேற்புறம் விட்டால் அது மறுபடி உள்ளேதான் வரும்.

கேள்வி: சுரங்கத்துக் கழிவுக் கல்லைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் கொட்டலாமா? இலவசமாகத் தருகிறார்கள்.
– லோரி ஓட்டுநர்

பதில்: பரிசோதனை செய்யாமல் வேண்டாம். பித்தளைபோல் மின்னும் துகள்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் பைரைட் என்ற இரும்பு–கந்தகக் கனிமம். காற்றும் மழையும் பட்டால் அமிலம் கசியும். தங்கம் உள்ள பாறையில் ஆர்செனிக் என்ற நஞ்சும் சேர்ந்திருப்பது வழக்கம். சாலை ஓரத்து வடிகால் கிணற்றுக்கோ ஓடைக்கோ போகிறதென்றால் ஆய்வக அறிக்கை கையில் இருந்தால் மட்டுமே ஏற்றுங்கள்.

சுரங்கத்தார் இவ்வளவு கல்லையும் தள்ளிவிடத் துடிப்பது ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். 2 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரமுள்ள பாதையை ஒரு மீட்டர் குடைந்தால் 4.4 கனமீட்டர் பாறை, ஏறக்குறைய 12 டன். உடைந்த கல் 1.6 மடங்கு இடம் பிடிக்கும். ஆக 100 மீட்டருக்கு 700 கனமீட்டர். 3 மீட்டர் உயரத்துக்கு, 1க்கு 2 சரிவில் (ஒரு மீட்டர் உயரத்துக்கு 2 மீட்டர் கிடைத்தூரம்) அடுக்கினால் 450 சதுர மீட்டர் நிலம் வேண்டும். வேலை முடிந்த வெற்றிடங்களில் திருப்பி நிரப்புவதே நல்லது. வடிகாலையும் வெளியேறும் வழியையும் மட்டும் அடைக்கக் கூடாது.

கழிவுக் கல்லை நீரூற்றின் மேல் ஒருபோதும் குவிக்கக் கூடாது. வேல்ஸில் அபர்ஃபான் கிராமத்துக்கு மேலே ஊற்று இருந்த சரிவில் குவித்த நிலக்கரிக் கழிவு 21.10.1966 அன்று சரிந்து 144 பேர் மாண்டார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். குவியலின் அடிவாரத்தில் எப்போதும் ஈரம் கசிந்தால், அல்லது உச்சியில் வெடிப்பு தெரிந்தால், கீழே இருப்பவர்களை உடனே அகற்றுங்கள்.

கேள்வி: பழைய சுரங்கத்திலிருந்து வரும் ஓடை ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. சுண்ணாம்புக் கல் போட்டும் பலனில்லை. கீரைக்கு ஊற்றலாமா?
– வாசகி

பதில்: ஊற்றாதீர்கள். அந்த நிறம் இரும்பு. சுண்ணாம்புக் கல்லின் மேல் இரும்புப் பொருக்கு மூடிவிடுவதால்தான் வேலை செய்யவில்லை. படிப்படியாக விழவைத்துக் காற்றேற்றி, சுண்ணாம்புத் தூள் கலந்து, குளத்தில் தேக்கினால் இரும்பு அடியில் இறங்கும். அது வீட்டில் ஆகிற காரியமல்ல. சுற்றுச்சூழல் துறைக்குப் படத்தோடு புகார் கொடுங்கள்.

கேள்வி: அதே சுரங்கத்துக்குள் பையன்கள் போகிறார்கள். உள்ளே பாறை உறுதியாகத்தானே இருக்கிறது?
– அதே வாசகி

பதில்: பாறை உறுதியாக நின்றாலும் உள்ளே இருக்கும் காற்றை நம்ப முடியாது. காற்றோட்டமில்லாத பாதையில் ஆக்சிஜன் குறைந்திருக்கும். மூச்சு முட்டுகிறது என்று உணர்வதற்குள் கால் தள்ளாடிவிடும். தேங்கிய நீரைக் கலக்கினால் அழுகிய முட்டை வாடையுள்ள வாயு கிளம்பலாம். அளவு கூடினால் மூக்கு அதை உணரவும் மறந்துவிடும். ஒருவன் விழுந்தால் தூக்கப் போகிறவனும் விழுவான். சுரங்கத்தின் வாசலில் கம்பி வலை போட்டு, தண்ணீர் வெளியேற அடியில் குழாய் விட்டு அடைக்க வேண்டும். குழாய் விடாமல் சுவர் மட்டும் எழுப்பினால் உள்ளே நீர் ஏறும். 10 மீட்டர் ஏறினாலே சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 டன் அழுத்தும்.