கொக்கியில் வேறு பெயர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஆறு வருடங்களாக நான் தன்னார்வத் தீயணைப்பு வீரன். ஏழு மாதங்களுக்கு முன் ஒரு வீட்டில் தீ. தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது தவறி விழுந்து, வலது முட்டியில் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று. முதல் வாரம் நிலையமே என் வீட்டில்தான் இருந்தது. அப்புறம் ஒருவரும் வரவில்லை. போன மாதம் தடியை ஊன்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். என் கோட்டு மாட்டும் கொக்கியில் வேறு பெயர் ஒட்டியிருந்தது. ஒருவர் சிரித்துக்கொண்டே, "நெருப்பே படல, இத்தனை மாசம் லீவா?" என்றார். யாரிடமும் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போகலாமா, விலகிவிடலாமா? காப்பீட்டுக்காரர்களும் இழுத்தடிக்கிறார்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

காப்பீட்டுக்கு வக்கீலைப் பாருங்கள், இந்த வாரமே. விபத்து அறிக்கையின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். அதை எழுத்தாளனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

"எதையும் எதிர்பார்க்கவில்லை" என்கிறீர்கள். பொய். எதிர்பார்க்காதவர் கண்ணில் கொக்கி பட்டிருக்காது. இந்தத் தியாகி வேஷம் உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு வரவேண்டியது வரவில்லை, அதைச் சத்தமாகவே சொல்லலாம்.

என்ன வரவேண்டியது? சிலி நாட்டில் தீயணைப்பவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் சம்பளமில்லாதவர்கள். ஜெர்மனியில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இப்படி இருக்கிறார்கள். நடுராத்திரியில் இவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்புவது சேவை மனப்பான்மை மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. தீயை அணைத்துவிட்டு, புகை நாற்றத்தோடு வண்டியைக் கழுவியபடி விடியும்வரை ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்கிறீர்களே, அதுதான் கூலி. ஆலையில் ஒருவருக்கு அடிபட்டுச் சம்பளம் நின்றால் சங்கம் போய்க் கேட்கும். உங்களுக்கு நின்றுபோனது இந்தக் கூலி. இதை எந்தச் சங்கத்தில் போய்ச் சொல்வீர்கள்?

செத்திருந்தால் படம் மாட்டியிருப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சட்டமே அப்படித்தான் யோசித்திருக்கிறது. அமெரிக்காவில் பணியில் மாண்ட தீயணைப்பு வீரர் குடும்பத்துக்கு உதவித்தொகை தரும் சட்டம் 1976-இல் வந்தது. தன்னார்வலர்களும் அதில் உண்டு. நிரந்தரமாக முடங்கிப்போனவர்களை அதில் சேர்க்க 1990 ஆகிவிட்டது. மாண்டவருக்கு ஒரு நாள் சல்யூட் வைத்தால் போதும். நொண்டிக்கொண்டு வருகிறவருக்கு தினமும் நாற்காலி போட வேண்டும்.

அந்த லீவு ஜோக்கு அடித்தவரிடம் சொல்லுங்கள்: தீ பிடித்த இடத்தில் ஏற்படும் காயங்களில் சுளுக்கும் தசைக் காயமும்தான் முதலிடம், தீப்புண் அல்ல. கருகிய கையை எல்லோரும் நம்புவார்கள். முட்டிக்குள் கிழிந்ததை யார் பார்த்தார்கள்?

ஆனால் அவரை நான் ரொம்பவும் திட்ட முடியாது. 26 வயதில் மின்கம்பம் ஏறும் வேலையில் இருந்தேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் கம்பத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். பேச ஒன்றும் இல்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "தம்பி, மாவுக்கட்டுக்குள்ள அரிக்குது, ஒரு ஸ்கேல் இருந்தா கொண்டு வாயேன்" என்றார். "நாளைக்குக் கொண்டு வரேண்ணே" என்றேன்.

போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிரியம் இல்லாமல் இல்லை. அதே கம்பத்தில் இப்போது நான் ஏற வேண்டியிருந்தது. அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று கம்பத்தின் பாதியில் என் முட்டி நடுங்கியது. பார்க்காமல் இருந்தால் நடுங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஒரு வாரம் கழிந்தபின் போக வெட்கம். ஒரு மாதம் ஆனதும் அவர்மேலேயே எரிச்சல், இடுப்புப் பட்டையை அவர் சரியாக மாட்டியிருக்க மாட்டார் என்று நாங்களே பேசிக்கொண்டோம். தப்பு அவருடையது என்றால் நாங்கள் விழமாட்டோம் இல்லையா?

எட்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்தார். ஏற முடியாது, அலுவலகத்தில் உட்கார்த்தினார்கள். முதல் நாள் என் மேசைக்கு வந்தார். அங்கே கிடந்த ஸ்கேலை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார், வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி அவர் கடைசிவரை பேசவில்லை. நானும்தான்.

உங்கள் கேள்வியை விட்டு எங்கோ வந்துவிட்டேன். போங்கள், திரும்பிப் போங்கள். குழாய் தூக்க முடியாவிட்டால் வயர்லெஸ் பக்கத்தில் உட்காருங்கள், சுவாசக் கருவிகளைச் சோதித்துக் கணக்கு எழுதுங்கள், புதிதாக வருபவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுங்கள். கொக்கியைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன் ஒன்று. இந்த ஆறு வருடத்தில் உங்கள் நிலையத்தில் அடிபட்டு, அப்புறம் வராமலே போனவர் ஒருவராவது இருப்பார். அவர் வீட்டுக்கு நீங்கள் எத்தனை தடவை போனீர்கள்? அவருடைய எண் இன்னும் உங்கள் போனில் இருக்கும். முதலில் அவரைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்.